வளையம் ஐந்து நிமிடம், காத்திருப்பு இரண்டு மணி நேரம்

(மதுரையில் ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2031 மே 21, புதன்கிழமை. வைகாசி அமாவாசை. கத்திரி வெயில் முடிந்திருக்காது. பள்ளிக்கூடங்கள் கோடை விடுமுறையில் இருக்கும். அன்று பகல் ஒரு மணியை ஒட்டி, இந்த மதுரையின் உச்சிக்கு அருகே சூரியன் நடுவில் கறுத்து, ஓரத்தில் மட்டும் ஒளிவளையமாக நிற்கும். கேரளத்தில் கொச்சி, கோட்டயம் வழியாக வரும் இந்த வளைய கிரகணத்தின் பாதை, தேனி, மதுரை, காரைக்குடி என்று நம் பக்கம் கடந்து இலங்கையின் வடபகுதிக்குப் போகிறது. பாதையின் நடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் வளையம் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கும்.

இவ்வளவு முன்கூட்டி இதை ஏன் பேச வேண்டும் என்று முன்வரிசையில் ஒரு ஐயா வரும்போதே கேட்டார். கிரகணத்தைப் பார்ப்பதற்கு எந்த ஏற்பாடும் வேண்டாம். அது தானாக வரும். ஊரைக் கூட்டி வைத்துப் பார்ப்பதற்கு நாள் பிடிக்கும். இன்று பேசப்போவது அந்தக் கூட்டத்தைப் பற்றி. வானியல் கொஞ்சம்தான் இருக்கும்.

கிரகணத்துக்கு ஊர் கூடுவது வெளிநாட்டுக்காரன் வழக்கம், நம்மவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பவர்கள் என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. அது பாதிதான் சரி. தங்கள் உறவைப் பற்றிய பேச்சு ஊரெல்லாம் பரவிவிட்டதைச் சொல்லும் ஒரு பெண்ணுக்கு, திங்களைப் பாம்பு பிடித்த செய்தியைத்தான் வள்ளுவர் உவமையாகக் கொடுத்தார். காமத்துப்பாலில் அலர் அறிவுறுத்தல் அதிகாரத்தில் இருக்கிறது. ஊரே பார்த்து ஊரே பேசுகிற ஒன்றாகக் கிரகணம் இருந்தால்தானே அந்த உவமை எடுபடும்? அது சந்திர கிரகணம், வெறுங்கண்ணால் பார்க்கலாம் என்பது வேறு விஷயம். சூரிய கிரகணத்துக்கும் நம்மிடம் கூட்டம் உண்டு. 2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல், தை அமாவாசை, வளைய கிரகணம் மூன்றும் ஒரே நாளில் வந்தன. தனுஷ்கோடிப் பக்கம் வளையம் ஏறத்தாழப் பத்து நிமிடம் நின்றது. ராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் நீராட வந்த கூட்டத்தை யாரும் துண்டறிக்கை அடித்து அழைக்கவில்லை. கடலில் இடுப்பளவு நீரில், திறந்த வானத்தின் கீழ் நின்றவர்கள் அவர்கள். கூட்டம் அங்கே தயாராக இருந்தது. சூரியக் கண்ணாடி கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

நமக்குப் பஞ்சாங்கமும் பகையில்லை. 1760களில் பிரான்சிலிருந்து கியோம் லெ ஜாந்தி என்றொரு வானியலாளர் புதுச்சேரிக்கு வந்தார். தமிழ்க் கணியர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, 1765ஆம் ஆண்டின் ஒரு சந்திர கிரகணத்தை அவர் எதிரிலேயே, ஒரு மணி நேரத்துக்குள் கணித்துக் காட்டினார். கிரகணம் நீடித்த கால அளவில் அந்தக் கணக்கு 41 விநாடி பிசகியது. அன்று ஐரோப்பாவில் மெச்சப்பட்ட மேயரின் அட்டவணை 68 விநாடி பிசகியது. அந்த மரபின் வாரிசுகள் இன்றும் ஸ்பரிச காலம், மத்திய காலம், மோட்ச காலம் என்று கிரகணம் தொடங்கும், நடுவாகும், விலகும் நேரங்களை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். உங்கள் ஊர்க் குருக்களையோ ஜோசியரையோ மேடைக்கு அழையுங்கள். பஞ்சாங்கத்தில் போட்ட நேரத்தை அவர் வாசிக்கட்டும். சூரியனின் ஓரத்தில் முதல் கடி விழும்போது கடிகாரத்தைப் பார்ப்போம். நேரம் பொருந்தினால் கைதட்டு அவருக்கும் சேர்ந்துதான்.

இங்கே என் கருத்து வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். திராவிடர் கழகத்தார் கிரகண நேரத்தில் பொதுவில் உணவு உண்டு காட்டியதுண்டு. துணிந்து செய்தார்கள், அதனால் அச்சம் விட்டவர்களும் உண்டு. ஆனால் ஊர்க்கூட்டம் நடத்துகிறவனுக்கு அந்த வழி உதவாது. ஒலிபெருக்கியில் ‘மூடநம்பிக்கை’ என்ற சொல் ஒரு தடவை விழுந்தாலே எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். கதவுக்குப் பின்னால் நிற்கிறவர்தான் நமக்கு வேண்டிய விருந்தாளி. ஏற்கெனவே பயம் விட்டவனை நாம் கூப்பிடாவிட்டாலும் அவன் மொட்டை மாடியில் ஏறிப் பார்த்துக்கொள்வான்.

அந்தக் கதவை நான் நேரில் பார்த்தது 2019 டிசம்பர் 26 அன்று. உதகை, கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாக வளையம் போனது. காலை எட்டு மணிக்குச் சற்றுப் பின் தொடங்கி, ஒன்பதரையை ஒட்டி வளையமாகி, பதினொன்று தாண்டி விலகியது. திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் நாங்கள் சில ஆசிரியர்கள் சூரியக் கண்ணாடிகளோடு பள்ளி மைதானத்தில் நின்றோம். பையன்கள் வந்தார்கள், டீக்கடை ஆண்கள் வந்தார்கள். பெண்கள் வாசலைத் தாண்டவில்லை. கண்ணாடியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். ‘வேணாங்க சார்’ என்றார்கள், சிரித்துக்கொண்டேதான். அப்போது ஒரு சிறுமி வீட்டிலிருந்து இடியாப்ப அச்சைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அதை வெயிலில் பிடித்தோம். தரையில் விழுந்த ஒவ்வொரு புள்ளியும் பிறையாக இருந்தது. அவள் அம்மா அச்சைத் திருப்பி வாங்க வந்தவர், அங்கேயே நின்றுவிட்டார். பிறகு பூந்திக் கரண்டி வந்தது, சல்லடை வந்தது, ஓட்டை விழுந்த அலுமினியத் தட்டு வந்தது. கண்ணாடி கொடுத்தபோது வாங்காதவர்கள், பாத்திரத்தின் நிழலைப் பார்க்கத் தாங்களாகவே வந்தார்கள். ஏனென்றால் அவர்கள் சூரியனைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்கள். யாருடைய விரதமும் மாமியார் பேச்சும் அதில் மீறப்படவில்லை. தரையில் பார்த்தவர்களில் பலர் சற்று நேரம் கழித்துக் கண்ணாடியையும் கேட்டு வாங்கினார்கள்.

அன்று அந்தத் தெருவில் நான் கற்றதைத்தான் இன்று உங்களிடம் கொண்டு வந்திருக்கிறேன். முதலில் தரையில் காட்டுங்கள். வானம் பிறகு.

இதற்குக் காசு செலவில்லை. சிறு துளை வழியே வரும் ஒளி சூரியனின் உருவத்தைத் தலைகீழாகத் தரையில் வரையும். துளைக்கும் தரைக்கும் ஒரு மீட்டர் இருந்தால் உருவம் 9 மில்லிமீட்டர். மூன்று மீட்டர் உயரத்தில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டால் கீற்று இடுக்குகள் தரையில் போடும் வட்டங்கள் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் இருக்கும். தினமும் அவை முழு வட்டங்கள், நாம் மிதித்துக்கொண்டு போகிறோம். 2031இல் பகல் ஒரு மணி, மே மாத வெயில். பந்தல் இல்லாமல் கூட்டமே நடத்த முடியாது. அதே பந்தல் நமக்குத் திரைப்படக் கொட்டகை. சிமெண்ட் தரையாக இருந்தால் நல்லது. மண் தரையென்றால் வெள்ளை வேட்டியை விரித்துவிடுங்கள். நெருக்கமாகக் கீற்று வேயும் கெட்டிக்காரரிடம் மட்டும், அன்றைக்கு ஒரு நாள் கொஞ்சம் சோம்பலாக வேயச் சொல்ல வேண்டும். வேப்பமரமும் புளியமரமும் இந்த வேலையைப் பந்தல்காரர் இல்லாமலே செய்யும்.

இன்னொன்று, முகம் பார்க்கும் கண்ணாடி. அதன் மேல் காகிதம் ஒட்டி, நடுவில் கால் அங்குலத்துக்கும் குறைவாக ஒரு துளை விடுங்கள். வெயிலில் ஒருவர் அதைப் பிடித்து, ஒளியைத் திறந்த சன்னல் வழியாக இருட்டறைச் சுவரில் விழ வைக்கட்டும். பத்து மீட்டர் தூரத்தில் சூரியன் 9 சென்டிமீட்டர் அகலத்தில் தெரியும், கடித்த பக்கம் உட்பட. யாரும் அந்தக் கண்ணாடிக்குள் நேரே பார்க்கக் கூடாது. சுவரைத்தான் பார்க்க வேண்டும். வாசல்படி தாண்ட மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும் கர்ப்பிணிக்கு நாம் கிரகணத்தை வீட்டுக்குள்ளேயே அனுப்பிவிடலாம். வெளியே வா என்று வாதாட வேண்டியதில்லை.

கர்ப்பிணிகள் பேச்சு வந்ததால் சொல்கிறேன். கிரகணத்தின்போது சூரியனிலிருந்து புதிதாக எந்தக் கதிரும் வருவதில்லை. நடுவில் நிலா நிற்பதால் வழக்கமாக வருவதே குறைகிறது. பிளந்த உதட்டோடு குழந்தை பிறப்பதற்கு மரபணுவும் ஊட்டக்குறைவும் போன்ற காரணங்கள் உண்டு, கிரகணம் அதில் சேராது. ஆனால் இதை நான் சொல்வதைவிட உங்கள் ஊர் கிராமச் சுகாதாரச் செவிலியர் சொன்னால் எடுபடும். அவருக்குத்தான் முதல் அழைப்பிதழ். மே மாதப் பகலில் ஒரு கர்ப்பிணியோ சர்க்கரை நோயாளியோ மணிக்கணக்கில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது என்னவாகும் என்பதையும் அவரே சொல்லட்டும்.

இனி கண். இங்கே நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

2031இல் வளைய நேரத்தில் சூரியனின் முகத்தில் 8 சதவீதம் மூடப்படாமல் இருக்கும். எட்டுதானே என்று நினைக்காதீர்கள். முழு நிலவைப்போல் சூரியன் ஏறத்தாழ 4 லட்சம் மடங்கு ஒளி உள்ளது. அதில் 8 சதவீதம் என்றால் 30,000 முழு நிலவுகளுக்கு மேல். முழு கிரகணத்தில் சூரியன் முற்றும் மறையும் அந்தச் சில நிமிடம் வெறுங்கண்ணால் பார்க்கலாம். வளைய கிரகணத்தில் அப்படி ஒரு நொடிகூடக் கிடையாது. விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்ட பிறகும் வலிக்காது. மறுநாள் எழுத்தின் நடுவில் ஓர் அழுக்குப் புள்ளி மிதக்கும்போதுதான் தெரியும்.

ஐஎஸ்ஓ 12312-2 தரத்தில் செய்த சூரியக் கண்ணாடி வெளிச்சத்தில் முப்பதாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் விடாது. இல்லையென்றால் வெல்டிங் பட்டறையில் கிடைக்கும் 14ஆம் எண் கண்ணாடி. இந்த இரண்டுதான். எக்ஸ்ரே ஃபிலிம், புகை பிடித்த கண்ணாடி, சிடி, கூலிங் கிளாஸ் எதுவும் கூடாது. தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீரோ சாணித் தண்ணீரோ வைத்துப் பார்ப்பது பாட்டி காலத்து வழக்கம். தண்ணீரின் மேற்பரப்பு, உச்சி வெயிலில் நூற்றில் இரண்டு பங்கைத் திருப்பி அனுப்பும். கண் தாங்கும் அளவைப்போல் அது 600 மடங்கு. மஞ்சளைக் கரைத்தாலும் சாணத்தைக் கரைத்தாலும் மேற்பரப்பின் மினுமினுப்பு குறையாது. பாட்டிகளை நான் மதிக்கிறேன், இந்தத் தாம்பாளத்தை மட்டும் மதிக்க முடியாது.

பிள்ளைகளுக்கு ஒரே பழக்கம்தான்: குனிந்து மாட்டு, நிமிர்ந்து பார், குனிந்து கழற்று. முந்தின நாளே சொல்லிப் பழக்குங்கள். சூரியக் கண்ணாடி போட்டுக்கொண்டு பைனாகுலர் வழியாகப் பார்த்தால், குவிந்த ஒளி அந்தக் கண்ணாடியின் தகட்டையே பொசுக்கிவிடும். தொலைநோக்கி வைத்திருந்தால் உருவத்தை வெள்ளை அட்டையில் விழ வைத்துக் காட்டுங்கள். கூடவே குழாயில் ஒட்டியிருக்கும் குட்டித் தொலைநோக்கியை மூடிவிடுங்கள். அதற்குள் எட்டிப் பார்க்க எப்போதும் ஒரு பையன் இருப்பான். பொறுப்பான ஒருவர் தொலைநோக்கியை விட்டு நகரவே கூடாது, சாப்பிடக்கூட. 2019இல் வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கும் கண்ணாடியில் கீறலோ மடிப்போ ஊசித்துளையோ இருந்தால் குப்பையில் போடுங்கள்.

ஆளுக்கொரு கண்ணாடி வேண்டுமா? வேண்டாம் என்பேன். நாலு பேருக்கு ஒன்று போதும். யாரும் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. கை மாறும்போதுதான் அறிமுகமில்லாதவர்கள் பேசிக்கொள்கிறார்கள். ‘இப்ப எவ்வளவு போயிருக்கு?’ என்று ஒரு கேள்வி போதும்.

கூட்டம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் தோற்பது வளையத்துக்கான காத்திருப்பில்தான். நண்பகலுக்கு முன்பே முதல் கடி விழும். அதிலிருந்து வளையத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். முதல் பத்து நிமிடம் ஆரவாரம் இருக்கும். பிறகு மாற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவாக நடக்கும். கூட்டம் கலையும். அந்த நேரத்தில் ஒரு நிபுணரை மேடையேற்றிச் சொற்பொழிவு போடுவது, என்னைப் போன்றவனைப் போடுவது, பெரிய தவறு. பிள்ளைகள் கையில் சாக்பீஸ் கொடுங்கள். பந்தல் தரையில் விழும் பிறையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரையட்டும். நிழலில் ஒன்று, வெயிலில் ஒன்றாக வெப்பமானி தொங்கவிட்டு எழுதிவைக்கட்டும். வெயிலின் உறைப்பு தணிவது எண்ணாகவே தெரியும். உலக்கை நிறுத்தும் போட்டி வையுங்கள்.

உலக்கை விஷயம் உங்களுக்குத் தெரியும். கிரகணம் பிடித்திருக்கும்வரை தாம்பாளத்தில் வைத்த உலக்கை சாயாமல் நிற்கும் என்பார்கள். நிற்கும்தான். பூண் தேயாமல், அடி தட்டையாக இருந்தால் எந்தக் கிழமையும் நிற்கும். திண்டுக்கல் பக்கத்து அதே ஊரில் ஒரு பாட்டியிடம் இதைச் சொல்லி, நாளைக்கும் நிறுத்திப் பாருங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘நாளைக்கும் நின்னா நல்லதுதானப்பா, சாத்தி வைக்கச் சுவரு தேட வேண்டாம்’ என்றார். அறிவியல் மனப்பான்மை பற்றி நான் தயாரித்து வைத்திருந்த நாலு வாக்கியமும் தொண்டையிலேயே நின்றுவிட்டன.

இருட்டாகாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். பலர் பட்டப்பகலில் நட்சத்திரம் தெரியும் என்று நம்பி வருவார்கள். அது முழு கிரகணத்தில் நடப்பது. இந்தியாவில் அடுத்து அது 2034 மார்ச் 20, லடாக்கின் கார்கில் பக்கம். வளையத்தின்போது வெயில் வெளிறும், நிழலின் ஓரம் கூர்மையாகும், காற்று கொஞ்சம் தணியும், அவ்வளவுதான். சொல்லாமல் விட்டால் ‘இதுக்குத்தானா’ என்று முணுமுணுப்பார்கள். சொல்லி வைத்தால் அந்த வெளிறலையே கவனிப்பார்கள்.

கண் தெரியாத நண்பர்களை விட்டுவிடாதீர்கள். வெளிச்சத்தின் அளவை ஒலியாக மாற்றும் ‘லைட்சவுண்ட்’ என்ற சிறு கருவியை 2017 அமெரிக்கக் கிரகணத்துக்காக ஹார்வர்டில் உருவாக்கினார்கள். பொறியியல் கல்லூரி மாணவர்களிடம் சொன்னால் அந்த மாதிரி ஒன்று செய்துவிடுவார்கள். அதன் ஒலியைப் பந்தல் ஒலிபெருக்கியிலேயே போடலாம். பார்க்கிறவர்களுக்கும் வளையம் நெருங்குவது காதில் கேட்கும்.

சாப்பாடு. வலிய ஊட்ட வேண்டாம், ஒளித்து வைக்கவும் வேண்டாம். பந்தலின் ஓரத்தில் நீர்மோரும் தர்பூசணியும் சுண்டலும் திறந்தபடி இருக்கட்டும். எடுத்துக்கொள்கிறவர் எடுக்கட்டும். தர்ப்பை போட்டு மூடி வைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் போட்டுக்கொள்ளட்டும், சுண்டலுக்கு ஒன்றும் ஆகாது. விலகிய பிறகு குளித்துவிட்டுத்தான் சாப்பிடுவேன் என்பவருக்கும் ஒரு பங்கு எடுத்து வையுங்கள். விருந்து என்றால் கடைசியாக வருகிறவருக்கும் இலை இருக்க வேண்டும்.

மேகம் வந்தால்? சற்று முன் சொன்ன லெ ஜாந்தி, வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்தவர். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசம் விழுந்துவிட்டதால் நடுக்கடலில் ஆடும் கப்பலில் இருந்தார், அளக்க முடியவில்லை. அடுத்த வாய்ப்புக்கு எட்டு ஆண்டு ஊர் திரும்பாமல் இருந்தார். 1769 ஜூனில் புதுச்சேரியில் எல்லாம் தயார். அந்தக் காலை மட்டும் மேகம். இன்னொரு பிரெஞ்சுக்காரர் ழூல் ழான்சன், 1870இல் முற்றுகையிலிருந்த பாரிசிலிருந்து பலூனில் தப்பி அல்ஜீரியாவுக்குக் கிரகணம் பார்க்கப் போனார். அங்கும் மேகம். ஆனால் மறு ஆண்டு 1871 டிசம்பர் 12 அன்று நம் நீலகிரியில் சோலூரில் நின்று, தெளிந்த வானத்தில் சூரியனின் ஒளிமகுடத்தைப் பார்த்தார்.  நம் காலத்திலேயே பார்த்தால், 2009 கிரகணத்துக்குப் பீகாரின் தாரேக்னாவில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள், மேகம் மூடிவிட்டது. 2019இல் வயநாட்டின் கல்பெட்டாவிலும் அப்படித்தான்.

மதுரையில் மே மாதம் பெரும்பாலும் பிற்பகலில்தான் மேகம் திரளும். ஒரு மணி கொஞ்சம் எல்லைக்கோடு. ஆகவே பாதையில் இருக்கும் வேறு ஊர்களோடு முன்பே பேசி வையுங்கள். தேனியில் மூடினால் காரைக்குடிக்காரர் செல்போனில் காட்டட்டும். மேகத்துக்கு அடியிலும் வெளிச்சம் குறைவது தெரியும், சுண்டலும் இருக்கும்.

நிர்வாக வேலைகளை வேகமாகச் சொல்லி முடிக்கிறேன். ஊராட்சியிடமும் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள். கோயில் நடை சாத்தியிருக்கும்; திறக்கும்வரை காத்திருக்கிற பக்தர்களுக்கு நிழல் வேண்டும், ஆகவே தேரடிக்கு அருகில் பந்தல் போட்டால் கூட்டத்தை நாம் தேடிப் போக வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், முதலுதவிப் பெட்டி, குடிநீர். வளையம் முடிந்ததும் முக்கால்வாசிப் பேர் கிளம்பிவிடுவார்கள், அது இயல்புதான். கண்ணாடிகளை வாசலில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனால் அது பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானாகிவிடும்.

அதற்கு முன் நமக்கு ஓர் ஒத்திகை இருக்கிறது. 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. எகிப்தில் லக்சர் பக்கம் ஆறு நிமிடத்துக்கு மேல் முழு கிரகணம். நமக்கு மாலையில் ஓரத்தில் ஒரு கடி மட்டும் தெரியும். அது போதும். யார் வரிசையை ஒழுங்கு செய்வது, யார் மோர் கரைப்பது, எந்தக் கண்ணாடி எந்தச் சன்னலுக்கு என்பதெல்லாம் அன்று தெரிந்துவிடும்.

ஒத்திகைக்கும் ஒத்திகை வேண்டும் என்பவர்களுக்கு, அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு இந்த நூலகத்தின் மாடிக்கு வாருங்கள். சூரியனில் கரும்புள்ளிகள் இருந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் வெறும் சூரியனைப் பார்க்கலாம். மாடிச் சாவி நூலகர் அம்மாவிடம் இருக்கிறது, பேசிவிட்டேன். வருகிறவர்கள் வீட்டிலிருந்து ஓர் இடியாப்ப அச்சு கொண்டு வாருங்கள். இப்போது கேள்விகளைக் கேட்கலாம்.